வேட்டியில் விழுந்த கரி

பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தில், வில்லரேயில் எங்கள் தெருவில் ஜெகதீஸ்வரியின் வீட்டைப் போலத் துப்பரவான வீடு வேறு கிடையாது. இதைச் சொன்னால் தெருவில் உள்ள மற்ற ஆறு தமிழ்க் குடும்பமும் என்னோடு கோபித்துக்கொள்ளும். கோபிக்கட்டும். பதினொரு வருடமாக அந்த வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறவன் நான். அவர்கள் மீன் பொரித்தால் எனக்கு மணக்கும், நான் தும்மினால் அவர்களுக்குக் கேட்கும். அந்த வீட்டுச் சுவர் கறுத்துப்போயிற்று என்று பேரின்பநாதன் வந்து சொன்னபோது, உனக்குக் கண்ணில் பிழை, போய்க் கண்ணாடி மாத்து என்று அனுப்பிவிட்டவனும் நான்தான்.

பேரின்பநாதன் ஜெகதீஸ்வரியின் புருசன். பேக்கரியில் மாக் குழைக்கிற வேலை. பின்னேரம் வரும்போது புருவம் வரை வெள்ளையாக வருவான். மனைவி கறுப்பாக வருவாள். நெருப்புப் பிடித்த வீடுகளில் தீயணைப்புப் படை போன பிறகு உள்ளே போய்க் கரி துடைக்கிற கொம்பனியில் அவளுக்குப் பதினெட்டு வருடம் சேவை. வாசலில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தும் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நான் படியேறும்போது அதைப் பார்த்துத்தான் வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

அவளுடைய தொழிலைச் சும்மா நினைக்கக்கூடாது. பிளாஸ்டிக் எரிந்த கரி எது, மரம் எரிந்த கரி எது, அடுப்பில் இறைச்சி தீய்ந்த கரி எது என்று விரலில் தொட்டு, மணந்து பார்த்துச் சொல்லுவாள். கொம்பனி மேலாளரே சில நேரம் அவளைக் கேட்டுத்தான் என்ன மருந்து பாவிப்பது என்று முடிவெடுப்பார். தண்ணீர் பட்டால் கரி சுவருக்குள் ஊறிவிடும், முதலில் காய்ந்த ரப்பர் பஞ்சால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும் என்பதை அவள் வாயால் நான் நூறு தரம் கேட்டிருப்பேன். இதைக் கவனத்தில் வையுங்கள், ஏனென்றால் பிறகு எனக்கு வெட்கக்கேடு வரப்போகிறது.

அவர்களுக்கு ஒரே மகள், தாட்சாயினி. பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் இன்சூரன்ஸ் என்று சொல்லுவாள். இன்சூரன்ஸ் கொம்பனிகள்தான் இவர்களைக் கூப்பிடுகின்றன, அதனால் முழுப் பொய்யும் இல்லை. ஜெகதீஸ்வரிக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

தை மாதம் குளிர் மைனஸ் இருபத்தைந்துக்கு இறங்கிய கிழமையில் தாட்சாயினிக்கு இருமல் தொடங்கியது. ஜாரி மெற்றோ நிலையத்துப் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். டொக்டர் மூச்சுக்கு வாயில் வைத்து இழுக்கிற பம் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் ஏதாவது புகை உண்டோ என்று கேட்டாராம். அந்தக் கிழமையே சுவர்களில் கரி தெரிந்தது. அந்த வீட்டுக்கு நிலவறையில் எண்ணெயில் எரிகிற ஃபர்னஸ் இருக்கிறது. அது சூடாக்கும் காற்று நிலத்தில் பதித்த ஆறு இரும்புச் சல்லடைகள் வழியாக அறைகளுக்குள் வரும். அவற்றில் ஐந்துக்கு மேலே சுவரில் விசிறி விரித்தது போலக் கறுப்பு ஏறியிருந்தது. மேல்மாடியில் எனக்கு மின்சாரச் சூடு, என் சுவரில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் யோசெப் வந்து பார்த்தார். லெபனான்காரர், லவாலில் இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் எல்லோருக்கும் தைம் இலை தூவிய ரொட்டி கொண்டுவருவார். ஆனால் அன்று அவருடைய கண் நேரே சாப்பாட்டறை மூலையில் இருந்த சாமித்தட்டுக்குப் போயிற்று. அங்கே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு என்னைக் காட்டி, மேலே இருக்கிறவர் விளக்குக் கொளுத்துவதில்லை, அவர் சுவர் வெள்ளையாக இருக்கிறது என்றார். என்னுடைய பக்திக் குறைவு இப்படி ஒரு நாள் சாட்சிக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நாலாம் நாள் கடிதம் வந்தது. தாட்சாயினி பிரெஞ்சைப் படித்துச் சொன்னாள். வீட்டுக்குள் தீ எரித்துச் சுவர்களைப் பாழாக்கியதால் குத்தகையை முடிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகப்போகிறாராம். ஆனி முடிவில் வீட்டை விட வேண்டும். நானும் அங்கேதான் இருந்தேன், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டு.

"சரி, அப்ப விளக்கைக் கொஞ்ச நாளைக்கு விடுவம்" என்றான் பேரின்பநாதன். "மனிசனும் ஆறிப்போவான். எங்களுக்கென்ன, மனசில கும்பிட்டாச் சாமி வேண்டாமெண்டே சொல்லப்போகுது?"

"சாமி சொல்லாது. யோசெப் சொல்லுவார், பாத்தியளோ நான் சொன்னது சரிதானே எண்டு" என்றாள் ஜெகதீஸ்வரி. "இஞ்சேருங்கோ, நான் பதினெட்டு வருசமா ஊரார் வீட்டுக் கரி துடைக்கிறன். என்ர வீட்டைக் கரியாக்கினனான் எண்டு ஒருத்தர் எழுதித் தாறார். இதை நான் வாங்கி வைக்கவோ?"

"உம்மை ஆர் வாங்கி வைக்கச் சொன்னது? வாடகைக்கு வேற வீடு இல்லையே?"

"வீடு கிடைக்கும். இந்தப் பேர் என்னோட வரும். எங்கட கொம்பனிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பினம்?" அவள் எழுந்து போய்ச் சல்லடைக்கு மேலே சுவரில் விரலை வைத்து எடுத்தாள். "ரவியண்ணை, மணந்து பாருங்கோ."

நான் சொதிக் கையோடு மணந்து பார்த்தேன். பெற்றோல் ஸ்டேசன் வாசம்.

"உது விளக்குக் கரியில்லை" என்றாள். "விளக்குக் கரி பஞ்சு மாதிரி, ஊதினாப் பறக்கும். இது எண்ணெய்ப்பசை, கையில ஒட்டுது. எண்ணெய் எரியிறதுக்குக் காத்து வேணும் அண்ணை. காத்துக் காணாட்டி முழுக்க எரியாது. எரியாமல் மிஞ்சிறதுதான் கரி. என்ர விளக்குக்கும் அதுதான் நியாயம், கீழ நிக்கிற ஃபர்னஸுக்கும் அதுதான் நியாயம். ஆனா என்ர விளக்கில ஒரு திரி. கீழ நிக்கிறது ஒரு தாங்கி எண்ணெய் குடிக்கிற சாமான்."

"அப்ப பிள்ளையின்ர இருமல்?"

"சுவரில ஒட்டினது போக மிச்சம் எங்க போகும்? கண்ணுக்குத் தெரியிற கரி பரவாயில்லை, மூக்கு மறிக்கும். தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள்ள இறங்கி இருந்துகொள்ளும். முதல் வேலைக்குப் போன காலத்தில மாஸ்க் தரேல்ல. ஒரு கிழமைக்குக் கறுப்பாத் துப்பினனான்."

தாட்சாயினி கடிதத்தை மடித்தாள். "அம்மா, அவர் நீங்கள் சொல்லுறதைக் கேக்க மாட்டார். உங்களுக்கு பிரெஞ்சு நல்லா வராது. அவைக்குப் பேப்பரில எழுதித் தாற ஆரும் சொல்லோணும்."

ஜெகதீஸ்வரி கடிதத்தை மகளின் கையில் இருந்து வாங்கினாள். பிறகு, "ஓம். அப்ப எழுதுற ஆளைக் கூப்பிடுவம்" என்றாள். அடுத்த நாள் நகரசபைக்கு போன் அடித்தாள். வீட்டுப் பரிசோதகர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். கொம்பனியில் இருந்து நச்சுக்காற்றுக்கு மணியடிக்கிற கருவி ஒன்றையும் இரவல் வாங்கி வந்து மகளின் அறையில் வைத்தாள், யன்னலை நாலு விரல் திறந்துவிட்டாள். மணி அடித்தால் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே ஓட வேண்டும் என்று எனக்கும் சேர்த்துக் கட்டளை. நல்ல காலம், அடிக்கவில்லை.

இனி என் வெட்கக்கேடு.

சனிக்கிழமை அவளுக்கு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வேலை, எரிந்த அடுக்குமாடி ஒன்று. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடும்போது, "ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, கிடந்தபடி கிடக்கட்டும்" என்று புருசனுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்குப் பேரின்பநாதன் மேலே வந்தான். முகம் சரியில்லை.

"ரவி, திங்கக்கிழமை கவுண்மேந்து ஆள் வீட்டுக்கு வருது."

"தெரியும்."

"வீடு உந்தக் கோலத்தில கிடக்கு."

"அதுக்குத்தானே வருகினம்."

"எண்டாலும் ஒரு வெளி ஆள் உள்ளுக்கு வரேக்க எப்பிடியடா இப்பிடி வைச்சிருக்கிறது? தமிழாக்கள் ஊத்தையா இருக்கினம் எண்டு எழுதிப்போட்டுப் போனாலோ?"

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் தபால்காரன் வாறான் என்றால்கூட முற்றம் கூட்டுவோம். பிரேதம் கிடக்கிற வீட்டில்கூட வாற சனத்துக்காகக் கதிரையைத் துடைத்துப் போடுகிற ஆட்கள் நாங்கள். அரசாங்க ஆளுக்குக் கறுத்த சுவரைக் காட்டுவது என்பது வீட்டில் கட்டுகிற சரத்தோடு போய்க் கலியாண வீட்டில் நிற்பது போல எனக்கும் பட்டது. "ஓம், அதுவும் சரிதான்" என்றேன்.

இரண்டு வாளி சுடுதண்ணீர், பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம், இரண்டு பழைய துவாய். மத்தியானம் வரை தேய்த்தோம். முதலில் நன்றாகப் போகிற மாதிரித்தான் இருந்தது. காயக் காயத்தான் தெரிந்தது, கறுப்பு போகவில்லை, பரவியிருக்கிறது. விசிறி மாதிரி இருந்தது எல்லாம் சுவர் முழுக்கச் சாம்பல் நிறமாகப் போயிற்று. சாமித்தட்டு மூலையை மட்டும் தொடவில்லை. குளிக்காத உடம்போடு ஊத்தைத் துவாயைக் கொண்டு சாமிக்குக் கிட்டப் போக எங்கள் இருவருக்கும் துணிவில்லை. தாட்சாயினி அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா உங்களைக் கொல்லப்போறா" என்று சொல்லிவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஜெகதீஸ்வரி வந்தாள். கறுப்புச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். கத்துவாள் என்று நான் கதவடியில் ஆயத்தமாக நின்றேன். அவள் கத்தவில்லை. குசினிக்குள் போய் அடுப்படிக் கதிரையில் குந்திக் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் நகக்கண் எல்லாம் கறுப்பு.

"எரிஞ்ச வீட்டுச் சனத்துக்கு நான் சொல்லுற முதல் கதை, தண்ணி படாதேங்கோ எண்டுறது" என்றாள் மெதுவாக. "இண்டைக்கும் ஒரு மனிசிக்குச் சொல்லிப்போட்டு வாறன். என்ர வீட்டில ரெண்டு பேர் வாளியோட."

"ஜெகா, வாறவைக்கு முன்னால மரியாதையா..."

"மரியாதை. கரி எங்க இருந்து வந்தது எண்டதுக்கு இருந்த ஒரே அடையாளத்தைத் துடைச்சுப்போட்டு மரியாதை. இனி அந்தப் பரிசோதகர் வந்து என்னத்தைப் பாப்பார்? மங்கின சுவரையும் எரியிற விளக்கையும் பாப்பார். எழுதுவார். நாங்கள் ஆனியில சாமானைக் கட்டுவம்."

பேரின்பநாதன் வாளியைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினான். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது, ஐம்பத்தெட்டு வயதில்.

அவள் எழுந்து கை கழுவினாள். மகளுக்கு மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பேரின்பநாதனின் எட்டு முழ வேட்டியை எடுத்தாள். கரை போட்ட நல்ல வேட்டி, கோயிலுக்கும் தேருக்கும் மட்டும் கட்டுகிறது.

"இஞ்சரும், அது என்னத்துக்கு?" என்றான் அவன்.

"அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

"ஜெகா, அது தேருக்கு..."

"பிடியுங்கோ எண்டனான்."

பிடித்தான். அவள் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுக் கையால் கிழித்தாள். ஆறு துண்டு. அந்தச் சத்தம் கேட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெள்ளைத் துணி, சன்னமான நெசவு, காற்றைப் போகவிடும், பொடியைப் பிடித்துக்கொள்ளும், எங்கட வேலையிலயும் இதுதான் செய்யிறது என்று அவள் எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு சல்லடைக்கும் மேலே ஒரு துண்டை விரித்து நாலு பக்கமும் நாடா ஒட்டினாள். ஆறாவது சல்லடை சாமித்தட்டுக்குக் கீழே. சூட்டுக் காற்று அடித்து விளக்குச் சுடர் ஆடுகிறதென்று அதை அவள் வருடக்கணக்காக மூடித் திருகாணி பூட்டி வைத்திருந்தாள். அதற்கு மேலேயும் ஒரு துண்டு ஒட்டினாள்.

கடைசியாகச் சாமித்தட்டடிக்குப் போய் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒரு நாளும் விளக்கு அணைந்திராத அந்தப் பொழுதுபடுகிற நேரத்தில், கும்பிட்டுவிட்டு, பூவால் சுடரை அமத்தினாள்.

"ரெண்டு நாளைக்கு இது எரியாது" என்றாள். "எரியாமலே கரி வருதோ இல்லையோ பாப்பம். வந்தா ஆற்ற கரி எண்டு அவையே சொல்லட்டும். வராட்டி நான் ஊரைக் கூட்டிச் சொல்லுவன் என்ர பிழை எண்டு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேரின்பநாதன் மணிக்கொரு தரம் குனிந்து துணியைப் பார்த்தான். குனிந்து பாராதேங்கோ, மூச்சுப் பட்டால் துணி நனையும் என்று அவள் விரட்டினாள். அன்று அவர்கள் வீட்டில் சமைத்த மணமே எனக்கு வரவில்லை. பொரியல் தாளிப்பு ஒன்றும் இல்லாமல் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் தின்றார்களாம். அடுப்புப் புகை என்று ஒருத்தரும் சொல்லக் கூடாதாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். இளம் பெண், தடித்த குளிர்ச்சட்டை, கையில் தாள் செருகி எழுதுகிற பலகையும் பேனையும். பின்னால் யோசெப், கைகளைக் கட்டிக்கொண்டு. தாட்சாயினி முதல் பாடத்தை விட்டுவிட்டு மொழிபெயர்க்க நின்றாள். பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லி முடிந்ததும் பரிசோதகர் சாம்பல் சுவரைப் பார்த்தார், பலகையில் ஏதோ எழுதினார்.

ஜெகதீஸ்வரி அவரை முதலில் சாமித்தட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள். மேலே கூரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு இருந்தது. "பிள்ளை, சொல்லு. இது என்ர. இது விளக்குக் கரி. இதை நான் ஒளிக்கேல்ல. இந்த மூலையை ஒருத்தரும் துடைக்கவும் இல்லை. பதினொரு வருசத்தில விளக்குப் போட்டது இவ்வளவுதான். பக்கத்துச் சுவரைப் பாக்கச் சொல்லு."

பக்கத்துச் சுவர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த வீட்டிலேயே விளக்குக்குக் கிட்ட இருந்த சுவர்தான் அதிகம் வெள்ளை. யோசெப் கைக்கட்டை அவிழ்த்தார்.

பிறகு ஒவ்வொரு துணியாக நாடாவை உரித்தாள். முதல் துண்டை அவள் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். சல்லடைக் கம்பிகளின் இடைவெளி எல்லாம் அச்சுப் பிடித்தது போலக் கறுத்த கோடு கோடாக விழுந்திருந்தது. கோடு விழாத இடத்தில் வேட்டி அப்படியே வெள்ளை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. தாட்சாயினியின் அறையில் இருந்த ஐந்தாவது துண்டுதான் எல்லாவற்றிலும் கறுப்பு. அவள் கட்டில் தலைமாடு அதற்குப் பக்கத்தில். அதைப் பார்த்ததும் ஜெகதீஸ்வரியின் வாய் ஒருமுறை கோணிற்று, உடனே சரிப்படுத்திக்கொண்டாள். மூடியிருந்த ஆறாவதில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு நாள். விளக்கு இல்லை, அடுப்பு இல்லை" என்றாள். "மணந்து பாக்கச் சொல்லு."

பரிசோதகர் மணந்தார். யோசெப்பும் மணந்தார். மணந்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். பரிசோதகர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் ஒரு நிபுணரைக் கூப்பிட்டுச் செய்வித்தீர்களா, எந்தக் கொம்பனி என்று தாட்சாயினியைக் கேட்டார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். தாட்சாயினி ஒரு முறை இருமினாள். பிறகு நிமிர்ந்து, "இவதான் நிபுணர். என்ர அம்மா. பதினெட்டு வருசமாக் கரி துடைக்கிறா. இதுதான் அவவின்ர தொழில்" என்று பிரெஞ்சில், யோசெப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதை அவள் எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரிக்கும் தேவைப்படவில்லை. அவள் துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

யோசெப் நிலவறைக் கதவின் திறப்பைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தார். கீழே போனதும் பரிசோதகர் கொண்டுவந்த நச்சுக்காற்றுக் கருவி கத்தியது. அந்த நிமிடமே ஃபர்னஸை நிறுத்தினார்கள். மத்தியானம் வந்த திருத்தக்காரன் புகைக்கூட்டின் வாய் பாதி அடைபட்டிருக்கிறது, காற்று இழுக்காமல் எண்ணெய் அரைகுறையாய் எரிந்திருக்கிறது, உலைத் தகட்டிலும் வெடிப்பு என்றான். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் பிள்ளையின் அறையில் இருந்த மணி அடித்திருக்கும், அடித்தும் கேட்காத நித்திரையில் இவர்கள் கிடந்திருக்கலாம் என்றும் சொன்னான். யோசெப் அதைக் கேட்டுப் படியில் குந்திவிட்டார்.

பரிசோதகர் போகும்போது ஐந்தாவது துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே திகதி எழுதி எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே யோசெப் மின்சார ஹீற்றர் நாலு கொண்டுவந்தார். தன் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். மாசியில் ஃபர்னஸ் போய் மின்சாரச் சூடு வந்தது. சுவர்களை யாரைக் கொண்டு துப்பரவாக்கலாம் என்று அவர் ஜெகதீஸ்வரியிடமே கேட்டார். "ரெண்டு ஆக்கள் இருக்கினம்" என்றாள் அவள். மூன்று சனிக்கிழமை நானும் பேரின்பநாதனும் மாஸ்க் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே, ஒரே இழுப்பாக, அவள் கதிரையில் இருந்து பார்க்கப் பார்க்கக் கரி துடைத்தோம். பிழையாக இழுத்தால் திரும்ப இழுக்க வேண்டும். விளக்கு மறுபடி எரிந்தது, திரி முன்னையதில் பாதி நீளம், யன்னல் ஒரு விரல் திறந்தபடி. தனக்கும் ஒரு பாடம் என்றாள்.

சிவராத்திரிக்குக் கோயிலில் பேரின்பநாதன் காற்சட்டையோடு நின்றான். வேட்டி எங்கே என்று ஐயரே கேட்டுவிட்டார்.

"என்ர வேட்டி மாநகரசபையில இருக்கு ஐயா" என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்தி. "திகதி போட்டு, பையில போட்டு வைச்சிருக்கினம். மனிசி வைச்ச சாட்சி." அன்று அந்தக் கதையைப் பதினைந்து பேருக்காவது சொல்லியிருப்பான். பதினாறாவது ஆளுக்கு நான் சொன்னேன்.

திரும்பி வரும்போது ஜாரி மெற்றோவில் இறங்கினோம். நானும் பேரின்பநாதனும் நாலாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துவிட்டோம். ஜெகதீஸ்வரி பழக்கதோசத்தில் அந்தக் கைப்பிடியில் விரலை ஓட்டி எடுத்துப் பார்த்து, மணந்து, "றோட்டுக் கரி. டீசல்" என்று சொல்லிவிட்டுச் சேலையில் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், தாட்சாயினி எங்களோடு இல்லை. எங்கள் எல்லோருக்கும் மேலே, கடைசிப் படியில், பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியோடு நின்றாள். ஓரிடத்திலும் நில்லாமல் ஏறியிருக்கிறாள்.

"அம்மா, கெதியா வாங்கோ" என்று அங்கிருந்து கூப்பிட்டாள். "இவவுக்கு உங்களைக் காட்டோணும்."

அந்தக் குரலில் மூச்சிழுப்பு இல்லை. ஜெகதீஸ்வரி சேலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எங்களைப் பாராமல் ஏறத் தொடங்கினாள்.